கம்பெனிக்கு ஒரு நாகூர்க்காரர்

ஆமா தம்பி, நாகூருதான். உக்காருங்க உக்காருங்க, பஸ்ஸு இப்பக் கெளம்பாது. அந்தா பாருங்க, போலீஸ்காரன் ஒவ்வொரு மூட்டையா மோந்து பாக்குறான். காரைக்கால் பக்கம் சாராயம் கெடைக்குது, இந்தப் பக்கம் கெடைக்காது, அதுக்குத்தான் இந்த வாஞ்சூர்ல இவ்வளவு கூத்து. யாரோ ஒருத்தன் பூசணிக்காயைக் கொடைஞ்சு அதுக்குள்ள வச்சுக் கொண்டாந்தானாம். அதுலேர்ந்து பூசணிக்காயைக் கண்டா விடுறதில்ல.

நாகூரான்னு கேட்டீங்க, நானும் ஆமான்னுட்டேன். ஆனா நான் ஏறுனது எங்க? திருமலைராயன் பட்டினத்துல. பாத்தீங்கள்ல? அங்க உம்மா வீடு. நாகூர்ல பொஞ்சாதி வீடு. எங்க ஆளுங்கள்ல வீடு பொம்பளைப் புள்ளைக்குத்தான் தம்பி. கல்யாணம் முடிஞ்சா மாப்புள்ளை பொட்டியத் தூக்கிக்கிட்டு பொஞ்சாதி வீட்டுக்குப் போயிடணும். பொறக்குறது ஒரு வீடு, வாழறது ஒரு வீடு, சம்பாதிக்கிறது கடலுக்கு அந்தாண்ட. எங்க வாப்பாவும் அப்படித்தான், அவஹ வாப்பாவும் அப்படித்தான். சபர்ல, கடல் தாண்டிப் போற எடத்துல, ஊரு எதுன்னு கேட்டா நாகூர்ம்போம். பட்டினம்னா எவனுக்குத் தெரியும்? நாகூர்னா பினாங்குச் சீனன்கூட தலையாட்டுவான். அங்க நாகூர் தர்கான்னே ஒண்ணு கட்டி வச்சிருக்காஹ.

இதுல ஒரு தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. படிச்சவரா தெரியுறீங்க, அதான் கேக்குறேன். இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வெள்ளைக்காரக் கான்சலும், நம்ம பக்கத்துக் கிளார்க்கு ஒருத்தனும் சேர்ந்து ஒரு பொம்பளை வயித்துல மண்ணள்ளிப் போட்டானுவ. பழி எம்மேல.

ஜப்பான்காரன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. நான் சயாம்ல இருந்தேன். தெக்கால ஒரு சின்னத் துறைமுகம், பேரு சொன்னா உங்களுக்கு வாயில நொழையாது. அங்கேர்ந்து மோட்டார் படகு ஏறுனா பினாங்கு. மெளகு போகும், கோழி போகும், ஆளுங்க போவாஹ. படகுத்துறைக்கு எதுத்தாப்புல எனக்கு ஒரு சின்னக் கடை, கைலியும் துண்டும் விப்பேன். ஏவாரம் சொல்லிக்கிற மாதிரி இல்ல. நான் பேசிக்கிட்டே இருப்பேனாம், வாங்க வந்தவன் கேட்டுட்டுப் போயிடுவானாம். அப்படிச் சொல்லுவானுவ.

அந்தத் துறையில ஓடுன ரெண்டு படகு லியானம்மாவோடது. சீனத்தி. ஆனா அந்த மண்ணுலயே பொறந்து வளர்ந்தவ, சயாம் குடி. நான்தான் லியானம்மாம்பேன், நம்ம வாய்க்கு அதான் வரும். புருசன் காய்ச்சல்ல போயிட்டான். புள்ளை குட்டி கெடையாது. அந்த ரெண்டு படகுதான் அவளுக்குப் புருசன், புள்ளை, சோறு எல்லாம். விடியக்காலையில துறைக்கு வந்து படகோட பக்கப் பலகையைக் கையால தடவிப் பாத்துட்டுத்தான் ஆளை ஏத்துவா.

புருசன் இருந்தவரைக்கும் ஒரு வம்பும் இல்ல. அவன் போனதும் அந்த ஊரு ஜில்லா அதிகாரிக்குக் கண்ணு விழுந்துருச்சு. இன்னைக்கு எனக்குப் படகு வேணும்பான், நாளைக்கு மச்சானுக்கு வேணும்பான். கூலி கேட்டா மொறைப்பான். ஏத்துன மெளகையெல்லாம் எறக்கிப் போட்டுட்டு அவன் வீட்டுப் பொம்பளைங்களைத் தீவுக்கு ஏத்திக்கிட்டுப் போகணும். இவ வாயைப் பொத்திக்கிட்டு நிப்பா, வேற என்ன செய்வா?

அப்பத்தான் பினாங்குல ஒரு வக்கீலு அவளுக்கு வழி சொன்னான். உன் பேருல படகு இருந்தாத்தானே புடுங்குவான்? இங்க பினாங்குல இங்கிலீஷ் சட்டப்படி ஒரு கம்பெனி பதிஞ்சுக்க. படகைக் கம்பெனி பேருக்கு மாத்திக்க. பங்கு பூரா உனக்கே இருக்கட்டும், கம்பெனி மட்டும் இங்கிலீஷ் கம்பெனி. இங்கிலீஷ் கொடி பறக்கும். தொட்டா சயாம்ல இருக்குற இங்கிலீஷ் சர்க்கார் ஆளு, கான்சல், அவன் கேப்பான். ஆனா ஒண்ணு, டைரக்டரா இருக்குறவரு இங்கிலீஷ் ராஜாவோட குடியா இருக்கணும், அந்த ஊர்லயே குடியிருக்கணும்னான்.

அந்த ஊர்ல இங்கிலீஷ் குடிக்கு எங்க போவா? அவ வந்து நின்னது என் கடை வாசல்ல. "மாமாக், உன் ஊரு எது?"ன்னா. மலாயில நம்மாளுங்களை மாமாக்ம்பாஹ. மாமான்னு ஒறவு கொண்டாடுறது, எவ்வளவு மரியாதை பாருங்க. நான் நாகூர்ன்னேன். நாகூரு யாரோடதுன்னா. இங்கிலீஷ்காரனோடதுன்னேன். இதுல பொய் எங்க இருக்கு? நாகூர் அப்ப வெள்ளைக்காரன் ஊருதானே? அவ மூஞ்சியில அன்னைக்குத்தான் தம்பி வெளிச்சத்தைப் பாத்தேன்.

அப்புறம் என்ன, நான் டைரக்டரு. வெள்ளைக் கோட்டு தைச்சுக் குடுத்தா. துறையில ஆபீஸ் மாதிரி ஒரு கொட்டாய் போட்டு எனக்கு நாக்காலி போட்டா. உள்ள போடல, ரோட்டைப் பாத்து வெளியில போட்டா. காத்தாட உக்காரட்டும்னு. என் வேலை என்னன்னு கேட்டேன். உக்காரு, அதுபோதும்னா. கணக்கு வழக்கெல்லாம் அவ பாத்துக்குவா. நான் ஏதாச்சும் யோசனை சொன்னா நல்லாத் தலையாட்டுவா, அப்புறம் அவ நெனச்சதைச் செய்வா. அதிகாரி ஆளுங்க நடமாடுற நேரத்துல என்னை டைரக்டர்ம்பா, மத்த நேரம் மாமாக். ரெண்டும் பிரியந்தான்.

வேலை செஞ்சுச்சு தம்பி! அதிகாரியோட ஆளுங்க ஒரு நாள் படகு கேட்டு வந்தானுவ. கொடியைப் பாத்தானுவ, என் கோட்டைப் பாத்தானுவ, குசுகுசுன்னு பேசிக்கிட்டுப் போயிட்டானுவ. அதுலேர்ந்து ஒரு தொந்தரவு கெடையாது. லியானம்மா மெளகும் கோழியுமா ஓட்டுனா, கூடக் கொஞ்சம் சதை போட்டா, ஒரு நாள் பாட்டுகூடப் பாடுனா. என்னை உக்கார வச்சதுக்கே இவ்வளவு பலன்னா, நான் நாலு வார்த்தையும் பேசுனா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு.

அந்த ஊர்ல ஒரு கல்யாண விருந்து. அதிகாரி நடுநாயகமா உக்காந்திருக்கான். எனக்கும் அழைப்பு, டைரக்டர்ல? லியானம்மா கெளம்பும்போதே சொன்னா, "மாமாக், சாப்புடு, சிரி, வந்துரு"ன்னு. நான் அப்படியே இருந்திருப்பேன். அந்த அதிகாரி என்னைப் பாத்து, "துணிக்கடைக்காரரு கப்பல்காரரா ஆயிட்டாரு"ன்னு சொல்லிச் சிரிச்சான். சபையே சிரிச்சுச்சு. நான் எந்திரிச்சேன். "உங்க சட்டம் எங்க கம்பெனிக்கு இல்ல, நீங்க கைய நீட்டுனா எங்க கான்சல் கையை எடுத்துருவாரு"ன்னேன். சயாம் பாஷையில நல்லாவே சொன்னேன், எல்லாருக்கும் வெளங்குற மாதிரி. சிரிச்சவனெல்லாம் தட்டைப் பாத்துக் குனிஞ்சுட்டானுவ. அதிகாரி மட்டும் சிரிப்பை மாத்தாம சோறு தின்னான். பயந்துட்டான்னுதான் நெனச்சேன், வேற என்ன நெனைக்க முடியும்?

கொஞ்ச நாள்ல ரெண்டு படகையும் புடிச்சுட்டான். வரி கட்டாத உப்பு இருந்துச்சாம். உப்பு ஏத்துனதே இல்ல, எவனோ மூட்டையைக் கொண்டாந்து உள்ள வச்சிருக்கான். சர்க்கார் துறையில கொண்டுபோயிக் கட்டி, சங்கிலி போட்டுப் பூட்டிட்டானுவ. இங்கிலீஷ் கொடியை இறக்கி, நல்லா மடிச்சு, எங்கிட்டயே கொண்டாந்து குடுத்தான் ஒரு சிப்பாய். "உங்க கான்சல்கிட்ட குடுங்க"ன்னான்.

லியானம்மா அழல. "இன்னைக்குத்தான் உன் வேலை"ன்னா. ரெண்டு பேருமா ரயில் ஏறி கெழக்குக் கரைக்குப் போனோம், அங்கதான் கான்சல் இருக்காரு. வழி பூரா அவ ஒண்ணும் திங்கல. "அவரு ஒரு கடுதாசி எழுதுனாப் போதும், பூட்டைத் தொறந்துருவானுவ. பினாங்கு வக்கீலு சத்தியம் பண்ணியிருக்கான்"னு திரும்பத் திரும்பச் சொன்னா. நான் தைரியம் சொன்னேன். நான் இருக்கேன்லன்னேன்.

கான்சல் தொரை நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக்கூடாது. நாக்காலி போடச் சொன்னாரு. லியானம்மாகிட்ட சயாம் பாஷையில அனுசரணையா விசாரிச்சாரு. அந்த அதிகாரி மேல அவருக்கே ஒரு கடுப்பு இருந்துருக்கும் போல, பேரைக் கேட்டதும் பேனாவை எடுத்துட்டாரு. எடுத்துட்டாரு தம்பி, பேனா கையில இருக்கு! டைரக்டரோட விவரத்தை மட்டும் ஒரு தடவை சரிபாத்துக்கணும், அவரு வாயால சொல்லட்டும்னாரு. எனக்கு இங்கிலீஷ் வராது. கிளார்க்கைக் கூப்புட்டாரு.

உள்ளேர்ந்து வர்றான் ஒரு ஆளு, நெத்தியில வேர்வை, கழுத்துல சிலுவைக் கயிறு. "வணக்கம் பாய்"ங்குறான்! தமிழ் பேசிக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு எனக்கு. எந்த ஊருன்னேன். நாகப்பட்டினம், வெளிப்பாளையம்ன்னான். யா அல்லாஹ், வெளிப்பாளையமா! கண்ணுல தண்ணி வந்துருச்சு. சவரிமுத்துன்னு பேரு. மீன் கடைத்தெரு இப்ப எப்படி இருக்கு, கந்தூரிக்குக் கடைசியா எப்பப் போனீங்க, அல்வாக்கடை இருக்கான்னு நான் கேக்க, அவன் சொல்ல, அவனுக்கும் மொகம் மலர்ந்துபோச்சு. தொரை பேனாவைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்காரு. லியானம்மாவுக்குத் தமிழ் தெரியாதுல்ல, நாங்க கொண்டாடிக்கிறதைப் பாத்து அவளும் சிரிக்குறா. ரயில் ஏறுனதுலேர்ந்து மொதத் தடவையா சிரிக்குறா. காரியம் முடிஞ்சுருச்சுன்னு நெனச்சுட்டா.

"பொறந்த ஊரு நாகூர்னு போட்டுருக்கு. நாகூர்ல எங்க பாய்?"ன்னான் சவரிமுத்து.

நீங்க சொல்லுங்க தம்பி, வெளிப்பாளையத்துக்காரன்கிட்ட போயி நாகூர்ல பொறந்தேன்னு சொல்ல முடியுமா? சீனன்கிட்ட சொல்லலாம், வெள்ளைக்காரன்கிட்ட சொல்லலாம். இவன் நாளைக்கே ஊருக்குக் கடுதாசி போடுவான், நாகூர்ல பொறந்த தஸ்தகீர் பாயைப் பாத்தேன்னு. அங்க அவனவன் சிரிப்பான். பொஞ்சாதி வீட்டைப் பொறந்த வீடுன்னு சொல்லிக்கிட்டு அலையுறான் பாருன்னு பேராயிடும். எங்க உம்மா காதுக்குப் போனா? பெத்தவ வீட்டை மறைச்சவன்னு ஆயிடாதா?

"நாகூர்னு சும்மா சொல்றதுதான். நான் பட்டினம். திருமலைராயன் பட்டினம்"னேன்.

அவன் மூஞ்சி மாறிப்போச்சு. கொரலை எறக்கி, "பாய், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாகூர்தானே? பிரசவத்துக்கு உங்க உம்மா நாகூருக்கு வந்திருப்பாஹ. அப்படித்தானே?"ன்னான்.

பாத்தீங்களா அவன் பேச்சை! எங்க உம்மாவுக்குச் சொந்தமா ரெண்டு கட்டு வீடு இருக்கு, பிரசவத்துக்கு எதுக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போவணும்? எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "என்ன பேசுறீங்க, எங்க உம்மா வீடு எங்கன்னு எனக்குத் தெரியாதா? கைகாட்டி தாண்டி, காரைக்காலுக்கு இந்தப் பக்கம்"னு சத்தமாவே சொல்லிட்டேன்.

தொரை தலை தூக்கிப் பாத்தாரு. "காரிக்கால்?"ன்னாரு. பேனாவை வச்சுட்டாரு.

அப்புறம் அவரும் அவனும் இங்கிலீஷ்ல பேசுனாங்க. ரொம்ப நேரம். சவரிமுத்து கெஞ்சுற மாதிரி இருந்துச்சு, எதுக்குக் கெஞ்சுனான்னு எனக்கு வெளங்கல. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "பாய், வாப்பாவாச்சும் எங்க பொறந்தாஹ? அவஹ இங்கிலீஷ் மண்ணுல பொறந்திருந்தாக்கூட ஏதாச்சும் செய்யலாம்"னான். எங்க வாப்பா எங்க பொறப்பாஹ? அவஹ உம்மா வீட்டுலதான். அது எங்க? இந்தா, நம்ம பஸ்ஸு நிக்குதுல்ல, இந்த வாஞ்சூர்தான். பிரெஞ்சுக்காரன் எல்லையோட கடைசி வீடுன்னு பெருமையாச் சொல்லுவோம். அதையும் சொன்னேன். சவரிமுத்து கையை நெத்தியில வச்சுக்கிட்டான்.

காரைக்கால், பட்டினமெல்லாம் அப்ப பிரெஞ்சுக்காரன் மண்ணு, ஆக நான் பிரெஞ்சுக் குடியாம். நான் டைரக்டரே இல்லையாம். டைரக்டரு இல்லைன்னா அது கான்சல் கேக்கக்கூடிய கம்பெனி இல்லையாம். அப்ப பிரெஞ்சுக் கான்சல்கிட்ட போறேன்னேன். கம்பெனி இங்கிலீஷு, அவரு எப்படிக் கேப்பாரு? கம்பெனியே வேணாம், அந்தப் பொம்பளைக்காகக் கேளுங்கன்னேன். அவ சயாம் குடி, அவளுக்காகக் கேக்க வேண்டியவன் யாரு தெரியுமா? அந்த ஜில்லா அதிகாரிதான்!

இதையெல்லாம் தொரை லியானம்மாவுக்கு சயாம் பாஷையில சொன்னாரு. மெதுவா, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. ரொம்ப வருத்தமா இருக்குன்னாரு. டீ கொண்டாரச் சொன்னாரு. அவ டீயைப் பாத்துக்கிட்டே இருந்தா. கும்புட்டுட்டு எந்திரிச்சா.

வாசல்ல அந்த சவரிமுத்து என் கையைப் புடிச்சு, "எத்தனை வாட்டி பாய் எடுத்துக் குடுத்தேன்"னான். என்ன எடுத்துக் குடுத்தான்? காட்டிக் குடுத்தான்! அந்தப் பக்கம் ஒரு வார்த்தை மாத்திச் சொல்ல அவனுக்கு வாய் இல்லையா? என்னைப் பொய் சொல்லச் சொல்லிட்டு அவன் யோக்கியமா இருப்பானாம். நம்ம ஊர்க்காரன்னு நம்புனேன், அதான் நான் செஞ்ச ஒரே தப்பு.

திரும்பி வர்ற ரயில்ல லியானம்மா என்னமோ யோசனையா இருந்தா. பாதி வழியில கேட்டா, "உன் அம்மா வீடும் உன் பொண்டாட்டி வீடும் எவ்வளவு தூரம்?"னு. பக்கந்தான்னேன். நாகூர் பெரிய மினாராவுல வெளக்குப் போட்டா எங்க உம்மா வீட்டு மாடியில தெரியும்னேன். நடந்து போவியான்னா. செருப்புகூடப் போடமாட்டோம்னேன். அவ சிரிக்க ஆரம்பிச்சா தம்பி. பெட்டியில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாக்குறானுவ. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்குறா, தோளு குலுங்குது. சிரிக்குறாளேன்னு நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அப்புறந்தான் பாத்தேன், அவ சட்டைக் கழுத்து நனைஞ்சிருந்துச்சு.

படகு ரெண்டும் அதிகாரி மச்சானுக்குப் போச்சு. ஏலம்னு பேரு. அந்த ஏலத்தன்னைக்குத் துறையில நின்னேன் நான், என்னால ஒரு சொல்லு சொல்ல முடியல. எந்த ராஜா பேரைச் சொல்லி வாயைத் தொறக்குறது? எனக்குன்னு ஒருத்தனும் இல்ல, அவளுக்குன்னு ஒருத்தனும் இல்ல. ஆளுங்க எண்ணெயும் சங்கிலியுமா ஏறி எறங்குறானுவ, அவ கரையில நிக்குறா, பலகையைத் தொடக்கூட விடல அவளை.

சரி, கம்பெனியையாச்சும் கலைச்சுடுவோம், வருசா வருசம் அதுக்குக் காசு அழ வேணாம்னு பினாங்கு வக்கீலுக்குச் சொல்லி அனுப்புனா. கலைக்கணும்னா டைரக்டரு கையெழுத்துப் போடணுமாம். டைரக்டரு யாரு? அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லையே! இல்லாத டைரக்டரு ராஜினாமாவும் பண்ண முடியாதாம். படகு போயிருச்சு, கம்பெனி இருக்கு. இன்னைக்கும் பினாங்குல எங்கயோ இருக்கும்.

அவளுக்குப் பினாங்குல ஒரு சித்தி மக இருந்தா. அங்க சமையலுக்கு ஆள் வேணும்னு வரச் சொன்னா. போறதுக்கு அந்த ஊர்லேர்ந்து வேற படகு ஏது? அவ படகுலயேதான் ஏறணும். நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். படகு ஓட்டுற ஸ்ராங்கு பழைய ஆளு, அவ புருசன் வச்ச ஆளு. அவளைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டான். காசு வேணாம்னு ரெண்டு கையையும் ஆட்டுறான். அவ டிக்கட்டுக்குக் குடுத்துட்டுத்தான் ஏறுனா. கோழிக்கூண்டு பக்கமா எடம் பாத்து உக்காந்தா.

எனக்குத் தாங்கல. கரையில நின்னு கத்துனேன். "லியானம்மா, கவலைப்படாதீங்க! நான் தொரைகிட்ட மறுபடி போயிப் பேசுறேன், பாங்காக்குல பெரிய தொரை இருக்காரு, அவருகிட்டயும் பேசுறேன்"னேன்.

அவ திரும்பிப் பாத்தா. எந்திரிச்சு, கையிரண்டையும் கூப்பி, அத்தனை பேரு பாக்க என்னைக் கும்புட்டா. "மாமாக், நீ யார்கிட்டயும் ஒண்ணும் பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே. எனக்காக"ன்னா.

படகு கெளம்பிருச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு தம்பி. எல்லாம் போன நேரத்துலயும், அலைஞ்சு திரிஞ்சு நான் கஷ்டப்படக் கூடாதுன்னு அவளுக்கு எம்மேல அவ்வளவு அக்கறை.